பட்டணத்துப் பிள்ளையை யார் எடை போடுகிறார்கள்?

போன மாசியில் அம்மா மேலூர்ப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து வந்து சென்னையில் எங்களோடு இரண்டு வாரம் இருந்தார். வந்த மூன்றாம் நாள், எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் செல்வி (பெயரை மாற்றியிருக்கிறேன்) தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். நாலு மாதக் கைக்குழந்தை ஒன்றும் அவளுக்கு உண்டு. பக்கத்து வீட்டுப் பாட்டி அதை மட்டும்தான் பார்த்துக்கொள்ள முடியும், இரண்டையும் சேர்த்து முடியாது என்று சொல்லிவிட்டாராம். பெரியவள் சமையலறை வாசலில் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தண்ணீரில் முக்கி முக்கித் தின்றுகொண்டிருந்தாள். அம்மா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார்.

"ஏத்தா, பிள்ளைக்கு ரெண்டு வயசு முடிஞ்சிருச்சா?"

"மூணே முடிஞ்சிருச்சும்மா, தை மாசத்தோட" என்றாள் செல்வி, பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அம்மாவின் முகம் மாறியதைக் கவனித்தேன். எனக்கு அந்தப் பிள்ளையை ஒன்றரை வருடமாகத் தெரியும். ஒருநாளும் எதுவும் தோன்றியதில்லை. கன்னம் ஒட்டியிருக்கவில்லை, வயிறு தள்ளியிருக்கவில்லை, நெஞ்செலும்பு தெரியவில்லை, ஓடுவாள், சிரிப்பாள். கொஞ்சம் சின்ன உருவம், அவ்வளவுதான், அவள் அம்மாவும் குள்ளம்தானே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா என் தையல் டேப்பை வாங்கினார். பிள்ளையைச் செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நிற்க வைத்து, குதிகாலும் பின்தலையும் சுவரில் படுகிறதா என்று பார்த்து, தலைமேல் ஒரு நோட்டை மட்டமாகப் பிடித்துப் பென்சிலால் கோடு போட்டார். 85 செ.மீ. அப்புறம் எடை மெஷினில் என்னைத் தனியாக ஒரு தடவையும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவையும் ஏறச் சொல்லிக் கழித்துப் பார்த்தார். 11 கிலோ.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி மூன்று வயது முடிந்த பெண் குழந்தையின் நடுத்தர உயரம் சுமார் 95 செ.மீ. 87-ஐ ஒட்டிய ஒரு கோட்டுக்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றியிருக்கிறது என்று அர்த்தம். இவள் அதற்கும் கீழே. எடையில் மட்டும் நூலிழையில் தப்பித்திருக்கிறாள், அந்தக் கோடு 10.8 கிலோ. 85 செ.மீ. உயரமுள்ள பிள்ளைக்கு 11 கிலோ பொருத்தமான எடைதான். அதனால்தான் அவள் மெலிந்து தெரியவில்லை. முழுப் பிள்ளையும் அளவு குறைந்து போயிருக்கிறாள், மூன்று வயதுக்காரி இரண்டு வயதுக்காரியின் உடம்பில் இருக்கிறாள். வயது தெரியாத யார் பார்த்தாலும் நல்ல பிள்ளை என்றுதான் சொல்வார்கள். வயது தெரிந்த நானும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு இது எப்படி ஒரு பார்வையில் தெரிந்தது என்றால், அவருடைய வேலையே அதுதான். 1980-இல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்துக் கிராமங்களில்தான் தொடங்கியது. அம்மா 1984-இல் அதில் சமுதாய ஊட்டச்சத்துப் பணியாளராகச் சேர்ந்தார், பிறகு பால்வாடி டீச்சராகி அப்படியே ஓய்வும் பெற்றார். அந்தத் திட்டத்தின் யோசனை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை ஊரில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளையும் மாதாமாதம் எடை போடவேண்டும். எடை ஏறாமல் நின்றுபோன பிள்ளைகளுக்கு மட்டும் 90 நாள் போல சத்துணவு கொடுத்து, தேறியதும் நிறுத்திவிடவேண்டும். பிள்ளை எலும்பும் தோலுமாக ஆகும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. போன மாதத்தைவிட இந்த மாதம் ஏறவில்லை என்றாலே கை நீட்டவேண்டும்.

சொல்ல எளிது, செய்வது அப்படியில்லை. பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டால் கண்ணேறு படும் என்று கதவைச் சாத்திக்கொண்ட வீடுகள் இருந்தன. "எம்பிள்ளைய நிறுத்துப் பாக்க அது என்ன கறியா?" என்று ஒரு கிழவி சண்டைக்கு வந்ததை அம்மா இன்றும் சொல்வார். அதனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போவார். காடு கழனியிலிருந்து தாய் திரும்பியிருப்பாள், அண்டை அயலார் கண் இருக்காது. தூளி மாதிரி துணி கட்டின தராசில் பிள்ளையைப் போட்டு, முள் நிற்பதற்குள் அது அலறும் அலறலில் தெருவே கூடிவிடும் என்பது வேறு விஷயம்.

ஊரில் அம்மா பார்த்த குறை என்ன மாதிரியானது என்று நிறைய கேட்டிருக்கிறேன். கார்த்திகை, மார்கழி நடவும் களையும் நடக்கும் மாதங்களில் பிள்ளைகளின் எடை நின்றுவிடும். வீட்டில் அரிசி இருக்கும், ஊட்ட ஆள் இருக்காது. ஐந்து வயது அக்கா ஒரு வயதுத் தம்பிக்கு எவ்வளவு ஊட்டிவிடுவாள்? காலையில் ஊற்றின கஞ்சி, சாயங்காலம் மறுபடி கஞ்சி. மாடு இருக்கிற வீட்டில் பால் சொசைட்டிக்குப் போகும், பிள்ளைக்கு வரக்காப்பி. கோழி இருக்கிற வீட்டில் முட்டை விற்பனைக்கும் அடைக்கும் போகும். முருங்கை மரம் வாசலிலேயே நிற்கும், ஆனால் கீரை குழந்தைக்குச் செரிக்காது, மந்தம் தட்டும் என்பார்கள். ஒரு வயது வரை தாய்ப்பாலும் பிட்டுப்போட்ட இட்லியும் மட்டுமே கண்ட பிள்ளைகள். வயிற்றாலே போனால் "சீர்" என்று சொல்லித் தண்ணீரைக்கூட நிறுத்திவிடுவார்கள். அந்த ஒரு வாரத்தில் பிள்ளை இழந்த எடை திரும்பி வர ஒன்றரை மாதம் ஆகும்.

அப்புறம் சவலை. தமிழில் இதற்கு எவ்வளவு துல்லியமான ஒரு சொல் இருக்கிறது பாருங்கள். அடுத்த பிள்ளை வயிற்றில் வந்ததும் மடியிலிருந்து இறக்கப்பட்டு, பால் மறந்து, ஏங்கி, மெலியும் பிள்ளைதான் சவலைப்பிள்ளை. 1930-களில் கோல்ட் கோஸ்டில், அதாவது இன்றைய கானாவில், வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் அங்கே கா மொழி பேசும் தாய்மாரிடம் கேட்ட 'குவாஷியோர்கர்' என்ற சொல்லை மருத்துவ உலகத்துக்கு எடுத்துவந்தார். புதுப் பிள்ளை வரும்போது மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்று அதற்குப் பொருளாம். கடல் கடந்த இரண்டு ஊர்த் தாய்மார் ஒரே விஷயத்தைப் பார்த்து ஒரே மாதிரி பெயர் வைத்திருக்கிறார்கள். மருத்துவத்துக்கு அது அப்புறம்தான் தெரிந்தது.

இந்த ஊர்க் கதைகளைக் கேட்டே வளர்ந்ததால் ஊட்டச்சத்துக் குறைவு என்றால் அது கிராமத்து விஷயம் என்றே என் மனதில் இருந்தது. பட்டணத்தில் ஆஸ்பத்திரி பக்கத்தில், கடை பக்கத்தில், பால் பாக்கெட் தெருமுனையில். குறையும் குறைவாகத்தானே இருக்கவேண்டும்? செல்வியின் மகளை அளந்த அன்று ராத்திரி தூக்கம் வராமல் தேசியக் குடும்ப நல ஆய்வின் அட்டவணைகளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மேலோட்டமாகப் பார்த்தால் நான் நினைத்தது சரிதான். 2019-21 ஆய்வில் இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் கிராமத்தில் 37.3 சதவீதம், நகரத்தில் 30.1 சதவீதம். எடை குறைந்தவர்கள் கிராமத்தில் 33.8, நகரத்தில் 27.3. சரி, நகரம் பரவாயில்லை என்று மூடிவைத்துவிடலாம். ஆனால் அதே தாளில் உயரத்துக்கேற்ற எடை இல்லாமல் மெலிந்துபோன பிள்ளைகளைப் பாருங்கள். கிராமத்தில் 19.5, நகரத்தில் 18.5. ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். மிக மோசமாக மெலிந்தவர்கள் கிராமத்தில் 7.7, நகரத்தில் 7.6, வித்தியாசமே இல்லை. உயரக் குறைவு வருடக்கணக்கில் சேர்ந்த கடன் மாதிரி. மெலிவு இந்த மாதம், போன மாதம் நடந்ததைச் சொல்வது. அப்படியானால் இப்போதைய பசியிலும் இப்போதைய நோயிலும் நகரத்துப் பிள்ளைக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்றுதானே ஆகிறது.

இன்னொன்று என்னை இதைவிட அதிகமாகப் பாதித்தது. அதற்கு முந்தைய ஆய்வு 2015-16. அதில் உயரக் குறைவு கிராமத்தில் 41.2, நகரத்தில் 31.0. ஐந்து வருடத்தில் கிராமம் 41.2-லிருந்து 37.3-க்கு இறங்கியிருக்கிறது, நகரம் 31.0-லிருந்து 30.1-க்கு வந்திருக்கிறது. கிராமத்தில் ஏறத்தாழ நான்கு புள்ளி, நகரத்தில் ஒரு புள்ளிகூட முழுசாக இல்லை. இடைவெளி குறைகிறது என்று இதை நல்ல செய்தியாகச் சொல்லலாம். கிராமம் மேலே வருவதாலும் நகரம் நின்ற இடத்திலேயே நிற்பதாலும் குறைகிற இடைவெளி அது.

ஒரு விஷயத்தில் நகரம் வெளிப்படையாகவே பின்தங்கியிருக்கிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகள் கிராமத்தில் 65.1 சதவீதம், நகரத்தில் 59.6. இந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குச் செல்வியின் நாள் முழுவதும் கண்முன் வந்தது.

காலை ஐந்தரைக்கு எழுந்து குழாயில் தண்ணீர் பிடிக்கிறாள். ஆறரைக்கெல்லாம் முதல் வீடு. நாலு வீடு முடித்துத் திரும்ப மதியம் ஒரு மணி. மறுபடி நாலு மணிக்குக் கிளம்பி ஏழரைக்கு வீடு. குழந்தை பிறந்து இரண்டரை மாதத்தில் வேலைக்கு வந்துவிட்டாள், வராவிட்டால் அந்த வீடுகளுக்கு வேறு ஆள் வந்துவிடும். நாங்களும் அந்த நாலு வீடுகளில் ஒன்று. அவள் சீக்கிரம் திரும்பி வந்ததில் எனக்கு நிம்மதியாக இருந்ததை இங்கே மறைக்க விரும்பவில்லை. காலையில் ஏழு மணி நேரம், மாலையில் மூன்றரை மணி நேரம் கைக்குழந்தைக்குப் பாட்டி கொடுப்பது பாட்டில் பால். அரை லிட்டர் பாக்கெட்டில் பாதிக்குப் பாதி தண்ணீர். அந்தப் பாட்டிலைக் கழுவுவது ஐந்து குடும்பத்துக்குப் பொதுவான குழாயடியில், அதே ஐந்து குடும்பத்துக்கும் பொதுவான கக்கூசுக்குப் பக்கத்தில். பெரியவளுக்குப் பத்து ரூபாய் நொறுக்குத்தீனி பாக்கெட் ஒன்று, டீயில் நனைத்த பன் ஒன்று. செல்வி அடுப்புப் பற்ற வைப்பது ராத்திரி எட்டு மணிக்கு. சோறு வடித்து, குழம்பு கொதித்து இறங்கும்போது மகள் தூங்கிப்போயிருப்பாள். எழுப்பி ஊட்டினால் நாலு வாய்.

ஊரில் சவலை அடுத்த பிள்ளையால் வந்தது. இங்கே வேலையால் வருகிறது.

பட்டினி என்று இதைச் சொல்லமுடியாது. தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2011 ஜூனிலிருந்து இலவசம், பருப்பும் பாமாயிலும் மலிவு விலையில் கிடைக்கிறது. செல்வி வீட்டில் அரிசி இல்லாமல் போன நாள் இல்லை. மூன்று வயதுப் பிள்ளையின் வயிறு கைப்பிடி அளவுதான், அதனால் அது ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடவேண்டும், அதில் பருப்பும் முட்டையும் எண்ணெயும் கீரையும் இருக்கவேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து ஊட்ட ஒரு ஆள் வேண்டும். அந்தப் பத்து ரூபாய் பாக்கெட் பசியை அடக்கிவிடும், வளர்ச்சிக்கு அதில் ஒன்றுமில்லை. டீ இருக்கிற இரும்புச்சத்தையும் உடம்பில் சேரவிடாது. செல்விக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைக்கவேண்டாம், "பாக்கெட்டு நல்லதில்லன்னு தெரியும்க்கா, ஆனா பாட்டிக்கிட்ட வேற எதக் குடுத்துட்டு வர்றது?" என்று அவளே கேட்டாள். எனக்குப் பதில் இல்லை.

வசதியானவர்கள் தப்பித்துவிட்டோம் என்றும் சொல்ல முடியாது. அதே ஆய்வில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளைகளில் இரத்தசோகை கிராமத்தில் 68.3 சதவீதம், நகரத்தில் 64.2. என் மகனுக்கு இரண்டு வயதில் ஹீமோகுளோபின் 9.6 தான் இருந்தது, 11 இருக்கவேண்டும். எதிலும் குறை வைக்காத வீடு. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் பால் கொடுத்துக்கொண்டிருந்தோம், பால் குடித்து வயிறு நிரம்பியவன் சோறு தொடமாட்டான், பாலில் இரும்புச்சத்து ஏறக்குறைய கிடையாது. டாக்டர் பாலைக் குறைக்கச் சொல்லி மருந்து கொடுத்தார், மூன்று மாதத்தில் சரியானது. எங்களிடம் டாக்டர் இருந்தார், அதுதான் வித்தியாசம்.

அம்மா ஊருக்குப் போவதற்கு முன்னால் ஒரு நாள் செல்வியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவர்கள் பகுதிக்குப் பக்கத்தில் இருக்கும் அங்கன்வாடிக்குப் போனோம். வாடகைக் கட்டடத்தில் ஒற்றை அறை, நாலு பக்கமும் வீடுகள். அங்கிருந்த டீச்சர் நல்ல பெண், முகம் சுளிக்காமல் பேசினார். அவர் பொறுப்பில் இரண்டு மையங்கள் இருந்தன. செல்வியின் பெயர் அவர் பதிவேட்டில் இல்லை. இரண்டு வருடத்தில் செல்வி மூன்று வீடு மாறியிருக்கிறாள், வாடகை ஏற ஏற உள்ளே உள்ளே போய்க்கொண்டிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் ஒரு மையத்தின் எல்லையிலிருந்து இன்னொன்றின் எல்லைக்கு. கர்ப்பம் பதிவானது அவள் தாய்வீட்டு ஊரில், விழுப்புரம் பக்கத்தில். பிரசவம் இங்கே அரசு ஆஸ்பத்திரியில். பிறந்தபோது கைக்குழந்தையான மகன் 2.4 கிலோ, அதாவது தொடக்கமே எல்லைக்குக் கீழே. யாருடைய ஏட்டிலும் அவன் தொடர்ச்சியாக இல்லை. "வீடு மாறிக்கிட்டே இருக்காங்கம்மா, நான் யாரைன்னு தேடுறது" என்றார் அந்த டீச்சர். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அங்கிருந்து திரும்பும்போது ஆட்டோவில் அம்மா சொன்னார்: "ஊர்ல ஒரு பிள்ளை பொறந்தா எனக்கு மூணாம் நாளு தெரிஞ்சிரும். யாரு முழுகாம இருக்கா, யாரு வீட்டுல மாமியா சண்டை, எந்தப் பிள்ளை ராத்திரி இருமுச்சுன்னு தெரியும். இங்க இந்த டீச்சருக்கு யாரைத் தெரியும்?"

நான் அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நம்முடைய திட்டங்கள் ஏறத்தாழ எல்லாமே ஊரை மனதில் வைத்துப் பிறந்தவை. 1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியபோது பெரும்பாலானவை கிராமங்களும் பழங்குடிப் பகுதிகளும். எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை 1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் தொடங்கியபோது அது கிராமப்புறத்துக்குத்தான், நகரங்களுக்கு அந்த ஆண்டு செப்டம்பர் 15-இல் வந்தது. அன்றைக்கு அது நியாயமான வரிசை, ஊரில்தான் பசி அதிகம். பால்வாடி என்ற அமைப்பு ஒரு ஊரை நம்பி நிற்பது. ஒரே இடத்தில் இருக்கும் வீடுகள், எல்லாரையும் தெரிந்த ஒரு டீச்சர், பத்து மணிக்கு வந்து மூன்று மணிக்குப் போகிற பிள்ளைகள், கையில் வாங்கிப்போகிற சத்துமாவு. அதை அப்படியே தூக்கிவந்து நகரத்தில் வைத்தால் ஆறரைக்கு வேலைக்குப் போகிற தாய்க்கு பத்து மணி மையத்தால் என்ன பயன்?

கிராமத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். கிராமம் என்ற சராசரிக்குள்ளும் மலையடிவார ஊர்கள் மறைந்து கிடக்கின்றன. 2013-இல் அட்டப்பாடியில் பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோதுதான், நாட்டிலேயே சுகாதாரத்தில் முன்னால் நிற்கும் கேரளத்துக்குள் அப்படி ஒரு இடம் இருக்கிறது என்று வெளியே இருந்த பலருக்குத் தெரிந்தது.

சராசரியைப் பிரித்துப் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இலங்கையைச் சொல்லவேண்டும். அங்கே கணக்கெடுப்பில் நகரம், கிராமம் என்று இரண்டோடு நிறுத்துவதில்லை, தேயிலைத் தோட்டம் போன்ற பகுதிகளுக்குத் தோட்டம் என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. 2016 கணக்கெடுப்பில் வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதும் 17.3 சதவீதம். நகரத்தில் 14.7, கிராமத்தில் 17.0. இரண்டும் ஏறத்தாழ அருகருகே. தோட்டத்தில் 31.7. மலையகத் தோட்டங்களை கிராமத்தோடு சேர்த்து எண்ணியிருந்தால் அந்த 31.7 எங்கே போயிருக்கும்? நாட்டின் பிள்ளைகளில் தோட்டப் பிள்ளைகள் சிறு பங்குதான், அதனால் சராசரியில் கரைந்து காணாமல் போயிருக்கும். லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) ஒற்றை அறையும், பாரம் சுமக்கும் கர்ப்பிணியும், எடை குறைந்து பிறக்கும் பிள்ளையும் தனிக் கட்டத்தில் இருப்பதால்தான் கண்ணில் படுகிறது. தோட்டங்களில் 'பிள்ளைக் காம்பரா' என்று ஒன்று உண்டு, தாய் கொழுந்து பறிக்கப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இடம். அவை எந்த நிலையில் இருக்கின்றன என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், 31.7 என்ற எண்ணே அவை போதவில்லை என்று சொல்கிறது. ஆனாலும் வேலை நேரத்தோடு பிள்ளை பார்க்கும் நேரத்தைக் கட்டிவைக்கவேண்டும் என்ற யோசனை அங்கே இருந்திருக்கிறது. செல்விக்கு அந்த யோசனைகூடக் கிடைக்கவில்லை.

இந்தியாவில் 2005-06 ஆய்வின்போது சென்னை உட்பட எட்டு நகரங்களில் குடிசைப் பகுதியைத் தனியாகப் பிரித்துக் கணக்கெடுத்தார்கள். அந்த வழக்கத்தை விடாமல் எல்லா ஆய்விலும் செய்திருக்கவேண்டும் என்பது என் கருத்து. 'நகரம்' என்ற கட்டத்துக்குள் என் மகனும் செல்வி மகளும் ஒன்றாக இருக்கிறார்கள். எங்கள் வீட்டு நெல்லிக்கனியும் வால்நட்டும் சேர்ந்து அவள் கணக்கை உயர்த்திக் காட்டுகின்றன.

என்ன செய்யலாம் என்று கேட்டால் எனக்குத் தோன்றுவது ரொம்பப் பெரிய விஷயமெல்லாம் இல்லை. காலை ஆறு மணிக்குத் திறந்து மாலை எட்டு மணி வரை இருக்கும் குழந்தைகள் காப்பகம், வேலைக்குப் போகும் வழியில். 2005 வேலை உறுதிச் சட்டத்தில்கூட வேலை நடக்கும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமிக்கவேண்டும் என்று எழுதினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு உதவிச் சட்டத் திருத்தம் சொன்னது. நாலு வீட்டில் நாலு முதலாளியிடம் வேலை பார்ப்பவளுக்கு இரண்டு சட்டமும் இல்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன், எத்தனையோ பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் வருவது நின்றிருக்கிறது. ஆனால் அது ஒன்றாம் வகுப்பில் தொடங்குகிறது. உயரம் போவது கருவில் தொடங்கி இரண்டு வயதுக்குள். ஐந்து வயதில் கிடைக்கும் உப்புமா அந்தப் பத்து செ.மீட்டரைத் திருப்பிக் கொடுக்காது.

அப்புறம் தராசு. நகரத்தில் அங்கன்வாடி ஏட்டில் இல்லாத ஒரு பிள்ளையை எடை போடுவது தடுப்பூசி போடும் நாளில் மட்டும்தான். ஒன்றரை வயது ஊசி முடிந்தால் பள்ளிக்கூடம் சேரும்வரை அந்தப் பிள்ளையை யாரும் அளப்பதில்லை. ரேஷன் கடை வாசலில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு தராசும் உயரம் அளக்கும் பலகையும் வைத்தால் போதுமே. முகவரி எதற்கு? பிள்ளை நிற்கிறது, அளந்து, அட்டையில் எழுதிக் கொடுங்கள். வீடு மாறினாலும் அட்டை கூடவே வரும்.

இப்போது ஆவணி. அம்மா போட்ட பென்சில் கோட்டுக்கு மேலே என் சமையலறைச் சுவரில் இன்னும் ஆறு கோடுகள் இருக்கின்றன. செல்வியின் மகள் அந்த ஒற்றை அறை மையத்துக்குப் போகிறாள், டீச்சர் பெயர் சேர்த்துக்கொண்டார். மதியம் அங்கே முட்டையோடு சாப்பாடு, காலை எங்கள் வீட்டில். வேலை நேரத்தை மாற்றிக்கொண்டோம், செல்வி இப்போது எங்கள் வீட்டுக்கு வருவது ஒன்பது மணிக்கு, இரண்டு பிள்ளைகளோடு. மற்ற மூன்று வீடுகளில் ஒன்று மட்டும் ஒத்துக்கொண்டது. மகள் இப்போது 88.4 செ.மீ. சந்தோஷமாக அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்சம் கணக்குப் போட்டுவிட்டு, "ஆறு மாசத்துக்கு வளர வேண்டியது வளந்திருக்கா. விட்டதப் பிடிக்கல" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான், ஆறுதலுக்காக ஒரு எண்ணை மாற்றிச் சொல்லமாட்டார். பிறகு, "சின்னவன் எவ்வளவு?" என்றார்.

மாசியில் 5.9 கிலோ இருந்தவன் இந்த மாதம் 7.9. பத்து மாதப் பையனுக்கு எல்லைக் கோடு 7.4, நடுத்தரம் 9.2. கோட்டுக்கு மேலே இருக்கிறான், ஆனால் போன மாதம் 7.8 இருந்தான், நூறு கிராம்தான் ஏறியிருக்கிறது. நடுவில் மூன்று நாள் வயிற்றாலே போனது.

"இந்த மாசம் நிக்குது. இப்பவே பிடிக்கணும். பருப்புச் சோத்துல ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விடச் சொல்லு, மஞ்சக்கரு தினம், மூணு வேளைய அஞ்சு வேளையா ஆக்கு, பாட்டில விட்டுட்டுக் கிண்ணத்துல குடுக்கச் சொல்லு. பதினஞ்சு நாள் கழிச்சு மறுபடி எடை போட்டுட்டு எனக்குப் போன் பண்ணு" என்றார் அம்மா. வருகிற பன்னிரண்டாம் தேதியோடு பதினைந்து நாள் முடிகிறது.